நம் பையில் பத்து லட்சம் எண்கள்!

குட்டீஸ், ஒரு போட்டிக்கு வர்றீங்களா?

ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரை உள்ள எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். ஒரு கூட்டலுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல், தூங்காமல், 'பாத்ரூம்' கூடப் போகாமல் கூட்டினாலும் பதினொன்றரை நாள் ஆகும். நடுவில் ஒரு இடத்தில் தப்பு விட்டால் போச்சு... மறுபடியும் முதலில் இருந்து!

இதே கணக்கை உங்கள் வீட்டு மேசையில் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர், கண் இமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும். அதற்கு ஒரு காசு கூடச் செலவில்லை. தேவை எல்லாம் ஒரு இலவச மென்பொருள் நூலகம்தான். அதன் பெயர், 'நம்பை!'

கேட்டதும், 'நம் பை'ன்னு காதில் விழுகிறதா? பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. 'நியூமெரிக்கல் பைத்தான்' என்பதன் சுருக்கம் அது. நியூமெரிக்கல் என்றால் எண் சார்ந்தது. பைத்தான் என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி. ஆனாலும், 'நம் பை' என்ற அர்த்தமும் இதற்கு நன்றாகத்தான் பொருந்துகிறது. எப்படி என்று பார்க்கலாமா?

பாம்பு இல்லை, சிரிப்பு!

பைத்தான் என்றதும் மலைப்பாம்புதானே ஞாபகம் வருகிறது? இந்தப் பெயருக்குப் பாம்பு காரணம் இல்லை. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ரோசம் என்பவர், 1989ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக இந்த மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991ல் வெளியிட்டார். அவருக்குப் பிடித்த பிரிட்டன் டிவி நகைச்சுவைத் தொடர், 'மான்டி பைத்தான்.' அந்தப் பெயரையே மொழிக்கும் வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் பிளஸ் 2 கணினி அறிவியல் படிக்கும் அண்ணன், அக்கா உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பாடப் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. அதில் வரைபடம் வரைய, 'மேட்பிளாட்லிப்' என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கருவி உள்ளே வேலை செய்வது நம்பையை வைத்துத்தான்.

சீட்டும், முட்டை அட்டையும்!

பைத்தானுக்கே கூட்டத் தெரியும். அப்புறம் எதற்கு நம்பை?

மளிகைக் கடைக்காரர், 30 முட்டைகளை 30 இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அலமாரியில், ஒன்று பரண் மேல், ஒன்று கல்லாப்பெட்டிக்குப் பின்னால். எது எங்கே இருக்கிறது என்று 30 சீட்டுகளில் எழுதி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். 'எல்லா முட்டையும் வேணும்' என்று கேட்டால், ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்து, ஓடி ஓடி எடுத்து வருவார். பைத்தானின் சாதாரணப் பட்டியல் இப்படித்தான் வேலை செய்கிறது. பட்டியலில் இருப்பது எண் அல்ல, எண் இருக்கும் இடத்தின் முகவரி.

நம்பை என்ன செய்கிறது தெரியுமா? முட்டைகளை அட்டையில் அடுக்கி வைக்கிறது. ஒரே அளவு குழி, வரிசையாக, இடைவெளி இல்லாமல். அட்டையைத் தூக்கினால் 30 முட்டையும் ஒன்றாக வரும். இந்த அட்டைக்குத்தான், 'அர்ரே' என்று பெயர். தமிழில் அணி என்கிறோம்.

இதில் இடமும் மிச்சம். பத்து லட்சம் எண்களைச் சாதாரணப் பட்டியலில் வைத்தால், ஒரு எண்ணுக்கு முகவரிச் சீட்டையும் சேர்த்து சுமார் 36 பைட் வரை பிடிக்கும். நம்பை அட்டையில் ஒரு எண்ணுக்கு 8 பைட் போதும். கணக்கும் பல மடங்கு வேகமாக நடக்கும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்கிறீர்களா? ஒரு போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஆக, ஒரே ஒரு போட்டோவுக்குள் 62 லட்சத்து 20 ஆயிரத்து 800 எண்கள்! ஆஸ்பத்திரி ஸ்கேன், மழை முன்னறிவிப்பு, செயற்கைக்கோள் படம் என்று எல்லாமே கடைசியில் இப்படி எண் அட்டைகள்தான்.

இரண்டாகக் கிழிந்த பை!

இந்தப் பை ஒரே நாளில் தைக்கப்பட்டது இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் படித்துக் கொண்டிருந்த ஜிம் ஹுகுனின் என்ற மாணவர், 1995ல், 'நியூமெரிக்' என்ற நூலகத்தை எழுதினார். இன்னும் பலர் உதவினார்கள். பிறகு, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கவனித்துக்கொள்ளும் அறிவியல் நிலையத்தில் இருந்தவர்களுக்கு, பெரிய பெரிய வானப் படங்களைக் கையாள வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள், 'நம்அர்ரே' என்று இன்னொரு நூலகத்தை எழுதினார்கள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். சின்ன அட்டைகளுக்குப் பழையது வேகம். பெரிய அட்டைகளுக்குப் புதியது வேகம். சிலர் பழையதை வைத்து நிரல் எழுதினார்கள். சிலர் புதியதை வைத்து எழுதினார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரே தெருவில் இரண்டு கிரிக்கெட் டீம், ஆளுக்கு ஒரு விதிமுறை வைத்துக்கொண்டு விளையாடினால் எப்படி இருக்கும்? அப்படி ஆகிவிட்டது!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில், டிராவிஸ் ஓலிஃபன்ட் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். மருத்துவப் படங்களை ஆராய்பவர். 'இப்படிப் பிரிந்தே கிடந்தால் இரண்டுமே வீணாகப் போகும்' என்று அவருக்குத் தோன்றியது. 2005ல், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கும் வேலையில் இறங்கினார்.

இது சும்மா விளையாட்டு இல்லை குட்டீஸ். அங்கே ஒரு இளம் பேராசிரியருக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டுமென்றால், ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுத வேண்டும். ஊருக்கு இலவசமாக மென்பொருள் எழுதினால், அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. அது தெரிந்தும் அவர் எழுதினார். 2006 அக்டோபரில் நம்பையின் முதல் முழுமையான பதிப்பு வெளிவந்தது. 2007ல் அவர் பல்கலைக்கழக வேலையை விட்டு, ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்விட்டார். கிழிந்த பை மட்டும் ஒன்றாகிவிட்டது!

யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்!

நம்பை, 'ஓப்பன் சோர்ஸ்' வகையைச் சேர்ந்தது. அதாவது, திறந்த மூல நிரல்.

ஓட்டலில் சாம்பார் நன்றாக இருந்தால், 'எப்படிச் செஞ்சீங்க?' என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். தொழில் ரகசியம்! ஓப்பன் சோர்ஸ் என்பது, சாம்பாரையும் கொடுத்து, செய்முறையையும் கையில் கொடுப்பது. நீங்கள் அதைச் சமைக்கலாம், மாற்றலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். 'புளி கொஞ்சம் அதிகம்' என்று திருத்தமும் சொல்லலாம். திருத்தம் சரியாக இருந்தால், அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வார்கள்.

உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் வந்த துணிகளை ஒட்டித் தைத்த பைதான் இது. கணக்கை வேகமாகப் போடுவதற்காக இதன் உள்ளே, 'ஓப்பன்பிளாஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் அடிப்படை, ஜப்பானைச் சேர்ந்த கசுஷிகே கோட்டோ எழுதிய நிரல். அதைத் திறந்த மூல நிரலாகத் தொடர்ந்து வளர்த்தவர், சீனாவைச் சேர்ந்த ஜாங் சியான்யி. இப்போது சொல்லுங்கள்... 'நம் பை' என்ற பெயர் பொருந்துகிறதா, இல்லையா?

பை வீட்டுக்கு வரும் வழி!

ஒரு காலத்தில் இதை நிறுவுவது பெரிய பாடு. நம்பையின் உள்பகுதி, 'சி' என்ற மொழியில் எழுதப்பட்டது. அதை உங்கள் கம்ப்யூட்டருக்குப் புரியும் இயந்திர மொழியாக மாற்ற, 'கம்பைலர்' என்ற மென்பொருள் தேவை. அது இல்லாவிட்டால், திரை முழுக்க எச்சரிக்கை வரிகள் ஓடி, கடைசியில் கையை விரித்துவிடும். மாவு அரைத்து, புளிக்க வைத்து, பிறகு தோசை சுடுகிற மாதிரி!

இப்போது அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு வகைக் கம்ப்யூட்டருக்கும் முன்கூட்டியே மாற்றித் தயாராக வைத்த பொட்டலங்கள் கிடைக்கின்றன. பொட்டலத்தின் பெயர், 'வீல்.' வண்டிச் சக்கரம் என்று நினைத்தீர்களா? இல்லை! சக்கரம் போல வட்டமாக இருக்கும் பாலாடைக் கட்டி. பைத்தான் நூலகங்களை வைத்திருக்கும் இணையக் கிடங்குக்கு, 'சீஸ் கடை' என்று செல்லப் பெயர் உண்டு. அதுவும் மான்டி பைத்தான் நகைச்சுவையில் இருந்து வந்ததுதான். சீஸ் கடையில் கிடைப்பது சீஸ் சக்கரம்தானே!

நிறுவலாம், வாங்க!

அப்பா, அம்மா அல்லது கம்ப்யூட்டர் ஆசிரியரை அனுமதி கேட்டுவிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கான வழி. கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. முதலில் பைத்தான் வேண்டும். பைத்தானின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். முகவரி, பைத்தான் புள்ளி ஓ ஆர் ஜி. அங்கே, 'டவுன்லோட்ஸ்' பக்கத்தில், விண்டோசுக்கான தனி இன்ஸ்டாலரை எடுங்கள். பணம் கேட்டாலோ, கார்டு எண் கேட்டாலோ, நீங்கள் தப்பான தளத்தில் இருக்கிறீர்கள். உடனே மூடிவிடுங்கள்!

2. வந்த கோப்பை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். முதல் திரையின் அடிப்பகுதியில், 'பாத்' என்ற வார்த்தையோடு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் செய்யுங்கள். பைத்தான் எங்கே குடியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுப்பதுதான் அது. பிறகு, 'இன்ஸ்டால் நவ்.'

3. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்தை அடித்து, என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை ஒன்று வரும். பயப்படாதீர்கள்! மவுஸ் பரவலாவதற்கு முன், பலரும் கம்ப்யூட்டரோடு பேசியது இப்படித்தான்.

4. 'பி ஒய்' என்ற இரண்டு எழுத்து. ஒரு இடைவெளி. இரண்டு கழித்தல் குறி, அதை ஒட்டியே, 'வெர்ஷன்.' என்டர். பைத்தான் என்ற பெயரும், 3 என்று தொடங்கும் எண்ணும் வந்தால், பைத்தான் குடியேறிவிட்டது.

5. இப்போது நம்பை. 'பி ஒய்', இடைவெளி, ஒரு கழித்தல் குறியை ஒட்டி, 'எம்', இடைவெளி, 'பிப்', இடைவெளி, 'இன்ஸ்டால்', இடைவெளி, 'நம்பை.' நம்பைக்கு எழுத்து என், யு, எம், பி, ஒய். ஒரு முறைக்கு இரண்டு முறை சரி பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

'பிப்' என்பது நம் கடைப் பையன். நீங்கள் சீட்டு கொடுத்ததும் கிடங்குக்கு ஓடுவான். உங்களிடம் எந்தப் பைத்தான், எந்த விண்டோஸ், எந்த வகை செயலி என்று பார்த்து, அதற்குப் பொருத்தமான பொட்டலத்தை மட்டும் எடுத்து வருவான். வழியில் ஏதாவது மாறிவிட்டதா என்று சரிபார்ப்பான். பிரித்து, உரிய அலமாரியில் வைப்பான். கடைசியில், 'சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று சொல்வான்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டரா? அங்கே பிப் பையனை நேரடியாக உள்ளே விடாமல் தடுத்துவிடுவார்கள். கணினியின் சொந்தக் கிடங்கில் இருந்து, 'பைத்தான்3-நம்பை' என்ற பொட்டலத்தை, 'ஏபிடி' கட்டளை மூலம் பெரியவர்கள் உதவியோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்துப்பிழை ஆபத்து!

எழுத்தை ஏன் இரண்டு முறை பார்க்கச் சொன்னோம் தெரியுமா? அந்த இணையக் கிடங்கில் யார் வேண்டுமானாலும் நிரல்களை வைக்கலாம். சில கெட்ட ஆட்கள், பிரபலமான பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, தீங்கு செய்யும் நிரலை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவசரத்தில் தப்பாக அடித்தால், அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். 2017ல் இப்படிப் பத்து போலிகளைக் கண்டுபிடித்து நீக்கினார்கள். திருப்பாச்சி அரிவாள் வாங்கப் போய், தகர அரிவாள் வாங்கி வந்தால் காய் வெட்டாது, அவ்வளவுதான். இங்கே பெயர் மாறினால், வீட்டுச் சாவியையே திருடனிடம் கொடுத்த மாதிரி!

தகராறு செய்கிறதா?

* 'நம்பை என்று எதுவும் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் வருகிறதா? உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான் இருக்கலாம். ஒன்றில் நிறுவிவிட்டு, இன்னொன்றில் தேடுகிறீர்கள். அதனால்தான், 'பி ஒய்' என்றே தொடங்கச் சொன்னோம். இரண்டு முறையும் ஒரே பைத்தானைக் கூப்பிடுங்கள்.

* நீங்கள் எழுதிச் சேமிக்கும் கோப்புக்கு, 'நம்பை' என்றே பெயர் வைக்காதீர்கள். பைத்தான் முதலில் உங்கள் போல்டரில்தான் தேடும். உங்கள் கோப்பையே உண்மையான நம்பை என்று நம்பி ஏமாந்துவிடும்!

* பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரா? பைத்தான் 3.8 வரைதான் அதில் ஓடும். பிப் பையன் அதற்கு ஏற்ற பழைய நம்பையை எடுத்து வருவான். விளையாடிப் பார்க்கப் போதும். ஆனால், 3.8க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024ல் நின்றுவிட்டன.

மீன் என்றால் சராசரி!

நிறுவியாச்சா? கறுப்புத் திரையில், 'பி ஒய்' மட்டும் அடித்து என்டர். மூன்று அம்புக்குறி மாதிரி வந்து நிற்கும். 'சொல்லுங்க, காத்திருக்கேன்' என்று பைத்தான் சொல்கிறது. முதல் வரி:

இம்போர்ட் நம்பை ஆஸ் என்பி

'நம்பையை வெளியே எடு. செல்லமாக என்பி என்று கூப்பிடுவேன்' என்று அர்த்தம். பதில் எதுவும் வரவில்லையா? அதுதான் நல்ல சேதி! பைத்தான் தப்பு இருந்தால்தான் கத்தும். அடுத்து:

என்பி.அரேஞ்ச்(1, 17) * 7

ஒரே வரியில் ஏழாம் வாய்ப்பாடு! 7ல் தொடங்கி, பதினாறேழு 112 வரை. 'அரேஞ்ச்' என்பதில் ஒரே ஒரு 'ஆர்'தான். ஏ, ஆர், ஏ, என், ஜி, ஈ. அடைப்புக்குள் 17 என்று கொடுத்தால், 16லேயே நின்றுவிடும். 'இந்த எண் வரும் முன் நிறுத்து' என்று அது புரிந்துகொள்கிறது. ஏழை மாற்றி 19 போடுங்கள். 87 போடுங்கள். வாய்ப்பாடு புத்தகத்தில் இல்லாததெல்லாம் வரும்.

உங்கள் ஐந்து பாட மதிப்பெண் 72, 85, 90, 66, 87 என்றால்:

என்பி.அர்ரே([72, 85, 90, 66, 87]).மீன்()

குழம்பு மீன் இல்லை. இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் சராசரி என்று பொருள்! எழுத்து, எம், ஈ, ஏ, என். 'அர்ரே'க்கு இரண்டு 'ஆர்'. ஏ, ஆர், ஆர், ஏ, ஒய். பதில் 80.0 என்று வரும். புதிய பதிப்பில், 'என்பி.ஃப்ளோட்64' என்று ஒரு பட்டமும் சேர்ந்து வரும். 'புள்ளி வைத்த எண்' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது.

கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?

இப்போது, நம் போட்டிக் கணக்கு:

என்பி.அரேஞ்ச்(1, 1000001).சம்()

என்டர் தட்டியதும் பதில் வந்துவிடும். 500000500000. அதாவது, 50 ஆயிரம் கோடியே 5 லட்சம்!

ஆனால், எல்லாருக்கும் இந்தப் பதில் வராது. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் செய்த நண்பனுக்கு, 1784293664 என்று வரலாம். அதாவது, 178 கோடியே 42 லட்சத்து 93 ஆயிரத்து 664. ஒரே கணக்கு, இரண்டு பதில்! எச்சரிக்கை ஒன்றும் வராது. எதை நம்புவது?

பேப்பர், பென்சில் எடுங்கள். முதல் எண் 1. கடைசி எண் 10 லட்சம். கூட்டினால் 10,00,001. இரண்டாவது எண் 2. கடைசிக்கு முந்தைய எண் 9,99,999. கூட்டினால் மறுபடியும் 10,00,001! இப்படியே ஜோடி சேர்த்தால், மொத்தம் 5 லட்சம் ஜோடிகள். ஐந்து லட்சத்தை 10,00,001ஆல் பெருக்குங்கள். 50 ஆயிரம் கோடியே 5 லட்சம். முதல் பதில்தான் சரி!

அப்படியென்றால், நண்பனின் கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு? அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் கி.மீ. மீட்டர் பார்த்திருப்பீர்கள். 99999 வந்ததும், அடுத்து 00000 ஆகிவிடும். வண்டி ஓடியது உண்மை. மீட்டரில் இடம் போதவில்லை. அதே கதைதான் இங்கேயும். பழைய நம்பை, விண்டோஸ் கம்ப்யூட்டரில் முழு எண்களுக்குச் சின்ன அட்டையைத்தான் பயன்படுத்தியது. அந்தக் குழியில் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் மீட்டர் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு முழுச் சுற்று என்பது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. நம் விடையில் இருந்து 116 முழுச் சுற்றுகளைக் கழித்துப் பாருங்கள்... மிச்சம், நண்பனுக்கு வந்த அதே எண்!

2024 ஜூனில் வெளிவந்த நம்பை 2.0ல் இதை மாற்றிவிட்டார்கள். பழையதை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 1000001க்கு அடுத்து ஒரு காற்புள்ளி போட்டு, 'டிடைப்=என்பி.இன்ட்64' என்று சேர்த்தால், பெரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். 'டிடைப்'புக்கு எழுத்து டி, டி, ஒய், பி, ஈ. விடையும் சரியாக வரும்.

நிறுவுவது பாதி வேலைதான் குட்டீஸ். வருகிற விடை சரியா என்று பார்ப்பது மீதிப் பாதி. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், விடை தெரியாத கணக்கைக் கொடுக்க வேண்டும்.

கருந்துளையைப் பார்த்த பை!

2019 ஏப்ரல் 10ம் தேதி, உலகமே ஒரு போட்டோவைப் பார்த்து வாயைப் பிளந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் ஆரஞ்சு நிற வளையம். மனிதர்கள் எடுத்த முதல் கருந்துளைப் படம். எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில், சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது அது. எடை, நம் சூரியனைப் போல 650 கோடி மடங்கு!

உலகின் ஆறு இடங்களில் இருந்த எட்டு ரேடியோ தொலைநோக்கிகள், 2017 ஏப்ரலில் ஒன்றாக இந்த ஆய்வில் இறங்கின. கிடைத்த தகவல்கள் இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்கு அதிகம். ஹார்டு டிஸ்க்குகளில் நிரப்பி விமானத்தில் அனுப்பினார்கள். தென் துருவத்தில் இருந்த டிஸ்க்குகள், அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் போகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த எண்களைப் படமாக மாற்றிய மென்பொருள்களில், பைத்தானில் எழுதப்பட்ட ஒன்றும் இருந்தது. அது நம்பி இருந்தது எதை? நீங்கள் இன்று நிறுவிய இதே நம்பையைத்தான்! அவர்களுக்கு என்று தனியாகத் தங்க முலாம் பூசிய பை எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விஞ்ஞானிகள் முதலில் நான்கு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு செய்வதை இன்னொரு குழுவிடம் சொல்லக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டார்கள். நான்கு குழுவுக்கும் அதே வளையம் வந்த பிறகுதான், 'இது நிஜம்' என்று நம்பினார்கள். நீங்கள் பேப்பர், பென்சிலில் சரிபார்த்தீர்களே... அதே வேலைதான்!

செய்து பாருங்கள்!

உங்களுக்கு ஒரு கணக்கு. 1 முதல் 10 லட்சம் வரை உள்ள எண்களில், ஒற்றைப்படை எண்களை மட்டும் கூட்டினால் எவ்வளவு வரும்? 'அரேஞ்ச்' அடைப்புக்குள் மூன்றாவதாக 2 என்று சேர்த்தால், இரண்டு இரண்டாகத் தாண்டும். விடையைச் சரிபார்க்க ஒரு குறிப்பு: 1 + 3 எவ்வளவு? 1 + 3 + 5 எவ்வளவு? 1 + 3 + 5 + 7 எவ்வளவு? இதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்தால், கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே நீங்கள் விடை சொல்லிவிடலாம்!

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், பள்ளிக் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பைக்கு விலை இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தெரியுமா?

* நம்பையை எழுதியவர்கள் முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில்தான் உழைத்தார்கள். 2017ல்தான் இதற்கென்று பெரிய நிதி உதவி கிடைத்தது.

* 2015 செப்டம்பர் 14ம் தேதி, ஈர்ப்பு அலைகளை முதன்முதலில் பதிவு செய்தது அமெரிக்காவின் லைகோ ஆய்வகம். அந்தத் தகவல்களை ஆராயவும் நம்பை உதவியது.

* டிராவிஸ் ஓலிஃபன்ட், நம்பைக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். முதலில் விலைக்கு விற்ற அந்த நூலை, பிறகு எல்லாருக்கும் இலவசமாக்கிவிட்டார்.